இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு: பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் உள்ளன. சில மாதங்களாக இடப்பக்க ஸ்பீக்கரில் குரல் கரகரவென்று உடைந்து கேட்கிறது. சி.டி. போட்டாலும் கைபேசியை இணைத்தாலும் இதே நிலைதான். இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது தொல்லை அதிகம். வால்யூமைக் கூட்டினால் சட்டென்று தெளிகிறது. அதன் பின் குறைத்தாலும் சிறிது நேரம் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார் ஒரு கடைக்காரர். ஆம்ப்ளிபயரைத் தள்ளிவிட்டுப் புதிய ஹோம் தியேட்டர் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், திருச்சி)

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சி.டி.யிலும் கைபேசியிலும் ஒரே மாதிரி வருவதால், பாட்டை அனுப்பும் கருவிகளின் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. மிச்சமிருப்பவை ஆம்ப்ளிபயர், ஒயர், ஸ்பீக்கர் ஆகிய மூன்றுதான்.

அவற்றுள் எது என்று அறிய, காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் இடப்பக்க ஸ்பீக்கரின் ஒயரை வலப்பக்க முனையிலும், வலப்பக்கத்துடையதை இடப்பக்க முனையிலும் மாட்டுங்கள். செம்பு இழைகள் ஒன்றையொன்று தொடாதபடி முறுக்கி மாட்டுவது முக்கியம். தொட்டால் இல்லாத பழுதையும் நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு அதே பாட்டை அதே குறைந்த சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு பழைய ஸ்பீக்கரிலேயே நின்றால் அந்த ஸ்பீக்கரோ அதன் ஒயரோ குற்றவாளி. மறுபக்க ஸ்பீக்கருக்குத் தாவினால் பழுது ஆம்ப்ளிபயருக்குள் இருக்கிறது. ஸ்பீக்கர் மாற்றச் சொன்னவரின் கடைக்கு நீங்கள் போக வேண்டியதே இல்லை.

தாவும் என்பதே என் கணிப்பு. ஸ்பீக்கர் கெடும்போது அறிகுறிகள் பொதுவாக இதற்கு நேர்மாறாக இருக்கும். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் வயதாகிப் பொடிந்தாலும், உள்ளேயுள்ள வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) காந்தத்தில் உரசினாலும், சத்தம் கூடக்கூட, குறிப்பாக மிருதங்கம், தவில் போன்ற கனத்த ஒலிகளில் கரகரப்பு மோசமாகுமே தவிரக் குறையாது. முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி நுரை வளையத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரல் பட்டாலே உதிர்கிறதென்றால் அது தனிக் கதை, அதற்கும் முழு ஸ்பீக்கரை மாற்றத் தேவையில்லை, வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

சத்தம் குறைந்தால் கரகரப்பதும், கூட்டியதும் விடுபடுவதும், பின் சிறிது நேரம் தாக்குப்பிடிப்பதும் மின்தொடுமுனைகள் மங்கிப்போனதன் அடையாளம். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் சில விநாடிகள் கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச், மூடிக்கொள்ளும் ஓசை அது. ஆண்டுக்கணக்கில் திறந்து மூடிய அதன் தொடுமுனைகளில் மெல்லிய கருமைப் படலம் ஏறிவிடுகிறது. குறைந்த சத்தத்தில் பாயும் சிறிய மின்னோட்டத்தால் அந்தப் படலத்தைச் சீராகக் கடக்க இயலாததால் ஒலி உடைகிறது; வால்யூமைக் கூட்டும்போது வலுவான மின்னோட்டம் அதைத் தற்காலிகமாகத் துளைத்துக்கொண்டு செல்வதால் ஒலி தெளிகிறது.

இதை மேலும் உறுதிசெய்யலாம். ஆம்ப்ளிபயரில் ஸ்பீக்கர் ஏ, பி என இரண்டு இணைப்புகள் இருந்தால் பி-யில் மாட்டிப் பாருங்கள். ஹெட்போன் துளை இருந்தால் அதில் இடக்காதில் ஒலி தெளிவாக வருகிறதா என்றும் பாருங்கள். பல ஆம்ப்ளிபயர்களில் ஹெட்போனுக்கான இணைப்பு ரிலேவுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது; எனவே அங்கே தெளிவாக இருந்தால் ரிலே மீதான சந்தேகம் வலுக்கிறது. அங்கும் கரகரத்தால் வால்யூம், பேலன்ஸ், எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கும் திருகு, டேப் மானிட்டர் பொத்தான் ஆகியவற்றின் தொடுமுனைகள் மீதும் ஐயம் எழுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இவை ஒவ்வொன்றையும் பலமுறை முன்னும் பின்னும் திருப்பிவிட்டுக் கேளுங்கள். சற்றே மாற்றம் தெரிந்தாலும் இடம் பிடிபட்டுவிட்டது.

மூடியை நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளேயுள்ள பெரிய கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தை வைத்திருக்கும். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், சோதனையில் கண்டதைச் சொல்லி, ரிலேவை மாற்றும்படி கேளுங்கள். சுரண்டித் துடைத்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அப்படிச் சரிசெய்வது நெடுநாள் நிற்பதில்லை. ரிலே விலை குறைந்த சிறு பாகம். மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள், கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, வேலை முடிந்ததும் குறைந்த சத்தத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைகளில் பெரும்பாலும் சத்தமாகத்தான் போட்டுக் காட்டுவார்கள். உங்கள் பழுது அப்போது தலைகாட்டாது.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் கடையில் வாங்கிய புதிய புளூடூத் ஸ்பீக்கர் செட், பாதிக்கு மேல் சத்தம் வைத்தால் இரண்டு பக்கமும் இரைகிறது. பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருக்கிறது. கைபேசியில் பாஸை (தாழ்ந்த, கனத்த ஒலிகளை) முழுதாக ஏற்றிவைத்துத்தான் கேட்பேன். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே இருப்பதாகக் கடையில் சொல்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: முதலில் அந்த பாஸை இறக்குங்கள். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிபயர் நான்கு மடங்கு திறனைத் தர வேண்டியிருக்கும். தர முடியாதபோது ஒலியலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன; நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுவாக இருக்கலாம். ஈக்வலைசரை முழுவதும் அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலும், முடிந்தால் ஒயர் வழியாகவும் சோதியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) என்றால் அதற்குப் பொது அளவுமுறை எதுவும் கிடையாது, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று எங்காவது சிறிய எழுத்தில் இருக்கலாம், அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மிதமான சத்தத்தில் இரைந்தால் அது குறையுள்ள பொருள். அப்போது பில்லில் உள்ள வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது. பில்லில் காலவரம்பு குறிப்பிடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருப்பதால் இன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம்; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

கேள்வி: பழைய ஆம்ப்ளிபயரில் காலியாக இருந்த 'ஃபோனோ' துளையில் சி.டி. பிளேயரை மாட்டினேன். ஒலி தாறுமாறாக உடைகிறது. பிளேயர் கெட்டுவிட்டதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை. ஃபோனோ துளை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டும் உரியது. அதன் ஊசி தருவது சில மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை, அதாவது நானூறு மடங்கு அளவுக்கு அதிகம். 'ஆக்ஸ்' அல்லது 'சி.டி.' என்று எழுதியுள்ள துளைக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் வால்யூமை முழுவதும் குறைத்துவிடுங்கள்.