எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்லும் தாய்

நீங்கள் குழந்தைகள் நலப் பணியாளர். நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஒரு தாய் ‘சரி’ என்கிறார், ஆனால் எதுவும் செய்வதில்லை. அடுத்த சந்திப்பில் அறிவுரையை நிறுத்தி அவரிடம் கேள்வி கேளுங்கள்: “பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு அனுப்புவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை?” அவர் 4 என்றால், “ஏன் 2 இல்லை?” என்று கேளுங்கள். “ஏன் 8 இல்லை?” என்றால் சாக்குகள்தான் வரும், “ஏன் 2 இல்லை?” என்றால் தன் காரணங்களை அவரே சொல்லத் தொடங்குவார். 1983இல் வில்லியம் மில்லர் மது நோயாளிகளுக்காக முன்வைத்த ஊக்க நேர்காணல் (மாறுவதற்கான காரணங்களை அவரவர் வாயாலேயே சொல்லவைக்கும் உரையாடல் முறை) வழிவந்த உத்தி இது.

தலையாட்டிவிட்டு எதுவும் செய்யாதவர் பெரும்பாலும் அலட்சியக்காரர் அல்ல, பிள்ளையைப் பிரித்துவிடுவீர்களோ என்று அஞ்சுபவர். அந்தச் ‘சரி’ உங்களை வாசலோடு அனுப்பும் வழி.

அந்தக் குடும்பத்துக்காக நீங்கள் எழுதிய திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்: அவர் வாயிலிருந்து வந்தது எத்தனை? ஒன்றுமில்லை என்றால் அது உங்கள் திட்டம்.

அடி, பட்டினி போன்ற உடனடி ஆபத்து இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். எடுக்கப்போகும் நடவடிக்கையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.