மூன்று மாதமாகத் துடைக்கும் வேலை மட்டும்தானா?

வேல்ஸில் பழைய நீராவி எஞ்சினைப் பயணிகளுக்காகப் புதுப்பிக்கும் குழுவில் சேர்ந்து மூன்று மாதமாகியும் கந்தல் துணியும் மண்ணெண்ணெயும்தான் கையில், ஒருநாள்கூட எஞ்சினில் ஏற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய வழக்கமே அதுதான்: முதலில் துடைப்பவர், பிறகு கரி போடுபவர், கடைசியில்தான் ஓட்டுநர். (தன்னார்வலர்கள் 1951-ல் எடுத்து நடத்திய டாலிலின் என்ற பழைய ரயில் பாதையும் உங்கள் வேல்ஸில்தான் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள்.)

துடைக்கிறவர் கண்ணில்தான் பழுது முதலில் படும். சக்கரங்களை இணைக்கும் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். அப்படி ஒன்றை நான் காட்டிய பிறகுதான் எங்கள் பொறுப்பாளர் என் பெயரையே கேட்டார்!

அப்புறம், தீ மூட்டுகிறவருடன் நிற்கலாமா என்று நேராகவே கேளுங்கள். குளிர்ந்த கொதிகலன் மெதுவாகத்தான் சூடேற வேண்டும், அதனால் விடியுமுன்னே போக வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சாம்பல் அள்ளச் சொல்வார்கள், சரி என்று அள்ளுங்கள். பருத்திச் சட்டை போட்டுப் போங்கள். நைலானில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.