டிப்ரஷன் மாத்திரையை விடுவது: கடைசி 5 மி.கி.தான் பாடு

கேள்வி: எஸ்சிடலோபிராம் 10 மி.கி. ஒன்றரை வருடம் போட்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானே நிறுத்திவிட்டேன் டாக்டர். மூன்றாம் நாளிலிருந்து கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. பக்கவாதமா?

பதில்: சட்டென்று விட்டதன் விளைவுதான். இந்த மருந்தில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அதனால்தான் நிறுத்திய அன்று ஒன்றும் தெரியவில்லை. தலைசுற்றல், குமட்டல், விசித்திரக் கனவு, காரணமில்லாத எரிச்சலும் வரலாம். டாக்டரிடம் பேசி பழைய டோஸுக்குத் திரும்பினால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். அதுவரை பைக் வேண்டாம். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என்றால் கதையே வேறு, உடனே 108.

கேள்வி: நோய் திரும்பிவிட்டதா, மாத்திரை விட்டதாலா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: குறைத்த சில நாட்களிலேயே தொடங்கி, கரண்ட் அடிப்பது போன்ற புதுத் தொந்தரவுகளோடு வந்தால் மாத்திரை விட்டதாலேயே. நோய் பொதுவாக வாரக்கணக்கில் மெல்லத் திரும்பும். ஃப்ளூவாக்சடின் மட்டும் விதிவிலக்கு; அது உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் தொந்தரவும் தாமதமாக வரலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எதனால் என்று ஆராயாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ உடனே அழையுங்கள்.

கேள்வி: சிட்டலோபிராம் 20லிருந்து 10, பிறகு 5 வரை சுலபமாக வந்துவிட்டேன். 5ஐ விட்டால் நான்கு நாள் தாங்கவில்லை. மனோபலம் போதவில்லையோ?

பதில்: மனோபலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணக்குதான் காரணம். மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை இந்த மருந்து அடைக்கிறது. 20 மி.கி. சுமார் 80 சதவீதத்தை அடைக்கும், 5 மி.கி.கூட 60 சதவீதத்தை ஒட்டி அடைக்கும். 20லிருந்து 5க்கு வந்தபோது நீங்கள் இழந்தது 20 புள்ளி. 5லிருந்து பூஜ்யத்துக்குப் போனால் ஒரே படியில் 60. ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அதன்படி சிட்டலோபிராமுக்கு அடுத்த படிகள் ஏறக்குறைய 3.4, 2.3, 1.5, 0.8, 0.4 மி.கி. ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நில்லுங்கள். தொந்தரவு அடங்காமல் அடுத்த படி இறங்காதீர்கள்.

மாத்திரையை உடைத்து இந்த அளவு வராது. திரவ மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டிலில் 5 மி.லி.க்கு 10 மி.கி. என்றிருந்தால் 1.5 மி.கி. என்பது 0.75 மி.லி. ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் அளக்கவும், ஸ்பூன் உதவாது. மி.கி.யை மி.லி. என்று படித்துவிடுவதுதான் வழக்கமான தப்பு; 1.5 மி.லி. எடுத்தால் டோஸ் இரட்டிப்பு.

கேள்வி: வென்லாஃபாக்சினை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. அதன் பாதி 5 மணி நேரத்திலும், உடலில் அது மாறும் பொருளின் பாதி 11 மணி நேரத்திலும் போய்விடும். 48 மணி நேர இடைவெளி என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அவதி. கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணையைப் பொடிக்கவும் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கல்யாண அலைச்சல் தீர்ந்து, தூக்கம் சீரான பிறகு முதல் குறைப்பை வைத்துக்கொள்ளுங்கள். குறைத்த தேதியையும் டோஸையும் காலண்டரில் எழுதி, அதை டாக்டரிடம் காட்டுங்கள்.