ஆவி காட்டினால் தொப்பி நிமிருமா?

ஃபெல்ட் தொப்பிகள் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி வாங்கி வந்த முயல் ரோமத் தொப்பி பெட்டிக்குள் நசுங்கிவிட்டது. விளிம்பு நெளிந்து, முன்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. கெட்டில் ஆவியில் காட்டினால் சரியாகும் என்கிறார்களே, எப்படிச் செய்வது? (வாசகி, குன்னூர்)

பதில்: சரியாகும். ஃபெல்ட்டில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. ரோம இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் வெந்நீரும் அழுத்தமும் பட்டு ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டதால் உருவான துணி அது. காஷ்மீரின் நம்தா விரிப்பும் இதே வழியில் செய்வதுதான். தொப்பி விறைப்பாக நிற்க அதில் அரக்குக் கரைசலும் ஏற்றுவார்கள். ஜார்க்கண்டில் புரசு, இலந்தை மரங்களில் பூச்சி சுரக்கிறதே, அதே அரக்குதான். ஆவி பட்டால் இழையும் தளரும், அரக்கும் இளகும். ஆறும்போது கை எப்படிப் பிடித்திருக்கிறதோ அந்த வடிவத்தில் இரண்டும் இறுகிவிடும்.

முதல் வேலை, உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையை முழுக்க வெளியே மடித்துவிடுவது. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஈரம் ஏறிய தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். ஆவியோ 100 டிகிரி. பட்டை சுருங்கினால் தொப்பியின் அளவே குறைந்துவிடும். அடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். தூசியோடு ஆவி காட்டினால் அது ஃபெல்ட்டுக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.

அடுப்பில் வைக்கும் மூக்குள்ள கெட்டிலே போதும். பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நிறைய இருந்தால் கொதிக்கும்போது துளிகளும் சேர்ந்து தெறிக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் அந்தத் துளி காய்ந்த இடத்தில் உப்புத் திட்டு விழும். குடிநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றுங்கள். குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த ஆவியில் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வேகம் கையையும் சுடும், தொப்பியையும் நனைக்கும்.

முதலில் உச்சியில் விழுந்த பள்ளம். மூக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பள்ளத்தின் உட்புறம் ஆவி படும்படி 20, 30 விநாடி அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் அரக்கு மேலே வந்து பளபளப்புத் தட்டும். தொட்டால் சூடாக, தளர்வாக, லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும்; நீர் சொட்டினால் அதிகமாகிவிட்டது. ஆவியை விட்டு எடுத்ததும் உள்ளேயிருந்து விரல்களின் உட்பகுதியால் தள்ளுங்கள். நகமோ விரல்நுனியோ வேண்டாம், தடம் விழும். சூடு தணியும்வரை ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். முழுக்க நிமிராவிட்டால் மறுபடி ஆவி காட்டலாம். ஒரேயடியாக நீட்டித்துக் காட்டுவதைவிட மூன்று நான்கு தடவையாகக் காட்டுவதே நல்லது.

விளிம்புக்குக் கையைவிட மேஜை நல்லது. ஆவி காட்டி, விளிம்பைச் சமமான பலகையின் ஓரத்தில் கிடத்தி, மேலே ஈரம் பிழிந்த பருத்தித் துணி போட்டு, கம்பளிக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் விளிம்பு நீண்டு மறுபடி அலையடிக்கும். சுற்றிலும் தட்டையானபின், முன்பக்கம் கீழே வளைய வேண்டும் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை ஆவி காட்டிக் கையால் வளைத்துப் பிடியுங்கள்.

முடிந்ததும் உடனே தலையில் வைக்காதீர்கள். தோல் பட்டை மடிந்தபடியே, உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஓர் இரவு நிழலில் விடுங்கள்.

கேள்வி: கெட்டிலுக்குப் பதில் துணிகளுக்கான கையடக்க ஸ்டீமர் போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: போதும். வசதியும் அதுதான். தலைகீழாகச் சாய்த்தால் சில ஸ்டீமர்கள் நீரைத் துப்பும். அதை மட்டும் முன்கூட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொப்பிக்குள் தங்க எழுத்தில் ஐந்து எக்ஸ், பத்து எக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதே, அது தரத்தின் அளவுதானா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ஒரே நிறுவனத்தின் இரண்டு தொப்பிகளை ஒப்பிட உதவும், அதற்கு மேல் எதுவும் இல்லை. அமெரிக்கத் தொப்பிக்காரர்கள், குறிப்பாக கவ்பாய் தொப்பி செய்பவர்கள், பீவர் (ஆற்றில் அணை கட்டும் கொறிவிலங்கு) போன்ற உயர்ந்த ரோமம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டத் தொடங்கிய குறி இது. எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் பத்து எக்ஸ் இன்னொருவரின் நான்கு எக்ஸுக்குச் சமமாகக்கூட இருக்கலாம். எண்ணைப் பார்த்துப் பணம் கொடுப்பதைவிடக் கையால் தொட்டுப் பார்ப்பது மேல்.

கேள்வி: அப்படித் தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? கடையில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே. (வாசகி, கோவை)

பதில்: கடையில் கிடைப்பவை மூன்று வகை. மலிவானவை பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. அடுத்தது ஆட்டுக் கம்பளி. மேலானது முயல், காட்டுமுயல், பீவர் ஆகியவற்றின் அடிரோமம். செயற்கையா என்று அறிய, வாங்கிய பழைய தொப்பியாக இருந்தால் உள்பட்டைக்கு அடியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்துங்கள். உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை. முடி கருகும் வாடையோடு பொடிந்தால் இயற்கை. கம்பளியா முயலா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, இரண்டுமே ஒரே வாடைதான் வரும்.

அதற்குக் கைதான் வழி. முயல் ஃபெல்ட் மெல்லியதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், தடவினால் வழுக்கும். கம்பளி சற்றுத் தடித்து, சொரசொரப்பாக இருக்கும். கட்டைவிரலால் ஓரிடத்தில் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள்: உருண்டை உருண்டையாக இழை திரண்டால் இழைகள் சரியாக இறுகவில்லை. தொப்பியை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். அங்கங்கே வெளிச்சம் கசிந்தால் தடிமன் சீராக இல்லை. அந்த இடம்தான் முதலில் ஓட்டையாகும், அதுவும் பெரும்பாலும் விரல் பிடிக்கும் முன்கிள்ளில், அதாவது உச்சியின் முன்பக்கம் கிள்ளிவிட்டது போன்ற மடிப்பில். விளிம்பு தைக்காமல் வெட்டிவிட்டதாக இருந்தால் அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். சாயம் நடுவரை ஏறியிருக்க வேண்டும், இழைகள் பிரிந்து நிற்கக் கூடாது.

விறைப்பைத் தரம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். பலவீனமான ஃபெல்ட்டுக்கு அரக்கையோ பசையையோ அதிகம் ஏற்றி அட்டை மாதிரி நிற்க வைப்பது பழைய தந்திரம். விளிம்பைக் கீழே மடக்கி விடுங்கள்: நல்லது சட்டென மேலே எழும், பசை ஏறியது மொறமொறவென்று மடியும், சில நாளில் மடித்த கோட்டில் விரியும். நல்ல ஃபெல்ட்டுக்கு விறைப்பூட்டி கொஞ்சம் போதும்.

பிறகு உள்ளே. பட்டை தோலா, தைத்திருக்கிறதா? ஒட்டியிருந்தால் முதல் ஆவியிலேயே கழன்று வரும். வெளி நாடாவையும் ஒட்டாமல் சில இடங்களில் ஊசித் தையலால் பிடித்திருக்க வேண்டும். உள்பட்டுத் துணியும் வண்ண லேபிளும் எப்படி இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். முதல் தொப்பி வாங்குகிறவருக்கு நம் பரிந்துரை: நடுத்தர விலையில் முயல் ஃபெல்ட், பட்டை தைத்தது, உச்சியில் மடிப்பு வைக்காதது. மடிப்பை நீங்களே ஆவியில் போட்டுக்கொள்ளலாம். 14 சென்டிமீட்டர் உயர உச்சி மடிப்பு போட்டபின் முன்பக்கம் 11 அளவுக்கு இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மழையில் நனைந்தபின் தொப்பி இறுக்கிப் பிடிக்கிறது. பெரிதாக்க முடியுமா? (வாசகர், கொழும்பு)

பதில்: ஒரு சென்டிமீட்டர்வரை முடியும், அதுவும் பாடுபட்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டையைப் பிரித்து, ஃபெல்ட்டை ஆவியில் நனைத்து மர அச்சுக்கட்டையில் ஏற்றி, விளிம்பு தொடங்கும் இடத்தில் கயிறு கட்டிக் காயவிட வேண்டும். அது தொப்பிக்காரர் வேலை.

வீட்டில் செய்ய, இரண்டு பாதியாகத் திருகி விரிக்கும் மரத் தொப்பி விரிப்பான் இணையத்தில் கிடைக்கிறது. தோல் பட்டையை வெதுவெதுப்பான நீர் தொட்ட துணியால் லேசாக ஈரமாக்குங்கள். ஃபெல்ட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் ஆவி. விரிப்பானைச் செருகி, இறுக்கம் கையில் தெரிந்ததும் அரைச் சுற்று கூட்டி நிறுத்தி, ஓர் இரவு விடுங்கள். ஒரேயடியாகத் திருகினால் பட்டையின் பின்தையல் விடும். வாங்கும்போதே அளவைச் சரிபார்ப்பது இதைவிட எளிது: காதுக்குச் சற்று மேலும் நெற்றி நடுவிலும் படும்படி டேப் சுற்றுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் அமெரிக்க அளவு ஏழேகால்.

கேள்வி: தாத்தா எஸ்டேட்டில் அணிந்த காக்கித் தொப்பி ஒடுங்கிப்போயிருக்கிறது. அதற்கும் ஆவி காட்டலாமா? (வாசகர், வால்பாறை)

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் அனுப்பிய விவரப்படி அது சோலா தொப்பி. அதன் உள்ளே இருப்பது நெட்டி. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குவார்களே, அதே நெட்டி. மெல்லிய தகடுகளாகச் சீவி, பசை தடவி, அச்சின்மேல் ஒட்டித் துணி போர்த்தியது. ஆவி பட்டால் பசை விட்டுத் தகடு தகடாகப் பிரியும். உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: 1920களைச் சேர்ந்த ஃபெல்ட் தொப்பி ஒன்று ஏலத்தில் கிடைத்தது. பழைய தொப்பிகளில் பாதரசம் உண்டு என்பது உண்மையா? (வாசகர், சென்னை)

பதில்: உண்மை. முயல் ரோமம் தானாக எளிதில் பின்னிக்கொள்ளாது. அதற்காகத் தோலின்மேல் பாதரச நைட்ரேட் கரைசல் தடவினார்கள். ரோமத்தின் நுனி காரட் நிறமாக மாறும். சூட்டில் வேலை செய்த தொழிலாளர்கள் அந்த ஆவியைச் சுவாசித்துக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் கொண்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி தொப்பி நகரம். அங்கே அந்த நோய்க்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1941 டிசம்பரில்தான் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் தடைசெய்யப்பட்டது. அருங்காட்சியகப் பழைய தொப்பிகளில் இன்றும் அது தென்படுகிறது.

ஆகவே அந்தத் தொப்பிக்கு ஆவி காட்டாதீர்கள், வீட்டுக்குள் பிரஷ்ஷும் போடாதீர்கள். நைட்ரைல் கையுறையோடு எடுத்து மூடிய பெட்டியில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆட்டுக் கம்பளித் தொப்பிக்குப் பாதரசம் தேவைப்படவில்லை, ஆனால் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று பிரித்தறிய முடியாது.

கேள்வி: பூச்சி அரித்து ஊசிமுனை ஓட்டைகள் விழுகின்றன. என்ன செய்யலாம்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அது துணி அந்துப்பூச்சியின் புழு, ரோமத்தின் கெரட்டின்தான் அதற்குத் தீனி. வியர்வை படிந்த இடத்தை அதிகம் தேடும். தொப்பியைக் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு வெளியில் பிரஷ் போட்டு, பட்டைக்கு அடியிலும் தட்டுங்கள். முட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். விழுந்த ஓட்டையை மூட முடியாது. நாடாவை அகலமாக்கி மறைக்கலாம், ஓட்டை அதற்குக் கீழே விழுந்திருந்தால்.