டாலி, மெயில், க்யூஆர் ஸ்டிக்கர்: சின்ன கம்பெனிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை, திருப்பூர் பக்கம் சின்ன கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று மட்டும் கேட்டவர்களுக்கு: விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் போதும். அந்தப் பணத்துக்கு பேக்கப் எடுக்க ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.

கேள்வி (கணக்காளர், பனியன் கம்பெனி, திருப்பூர்): சார், வழக்கமாக நூல் வாங்கும் மில்லிலிருந்து, பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி புது அக்கவுண்டில் போடுங்கள் என்று மெயில் வந்திருக்கிறது. லெட்டர்பேடு, சீல், கையெழுத்து எல்லாம் அவர்களுடையதுதான். முதலாளி இன்றைக்கே ஆர்டிஜிஎஸ் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீங்க. முதலில் மில்லுக்குப் போன் பண்ணுங்க. மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கு வேண்டாம், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு. லெட்டர்பேடு சரியாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மோசடிக்காரர்கள் உங்கள் இரண்டு பேரில் ஒருவருடைய மெயிலுக்குள் நுழைந்து, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். எந்த லாட்டுக்கு எவ்வளவு பாக்கி, யார் யாரை அண்ணா என்று கூப்பிடுவார் என்பதுவரை தெரிந்திருக்கும். பேமென்ட் நெருங்கும்போதுதான் வாயைத் திறப்பார்கள்.

அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிங்க. ஆங்கில எம் (m) இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் (rn) இரண்டும் ஒட்டி நிற்கும். போன் ஸ்கிரீனில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முகவரி அசலாகவே இருந்தாலும் போன் பண்ணாமல் விடாதீங்க, மில்காரரின் மெயிலே அவர்கள் கையில் இருக்கலாம்.

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பணம் அக்கவுண்ட் நம்பரைப் பார்த்துத்தான் போகும். நீங்கள் அடித்த பெயர் அதோடு பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்காகத்தான் 2025 ஏப்ரல் 1-க்குள் பெயர் பார்க்கும் வசதியைக் கொடுக்கச் சொல்லி பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. புது பெனிஃபிஷியரி (பணம் பெறுபவர்) சேர்க்கும்போது அதைப் பயன்படுத்துங்க. மில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திடலாம்.

அவரே மறுபடியும்: போன் பண்ணிவிட்டேன் சார். அக்கவுண்ட் மாறவே இல்லையாம். எங்கள் மெயில் பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்க. உள்ளே வந்தவன், இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் தனக்கு ஒரு காப்பி அனுப்பும்படி செட் பண்ணியிருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதை அழித்துவிட்டு, மற்ற எல்லா டிவைஸிலும் சைன் அவுட் கொடுத்து, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடுங்க. மில்காரரையும் இதையே செய்யச் சொல்லுங்க. ஓட்டை எந்தப் பக்கம் என்று இப்போதைக்குத் தெரியாது.

கேள்வி (பம்ப் உதிரிபாகப் பட்டறை, கோவை): அண்ணா, காலையில் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஃபைல் பெயரெல்லாம் மாறிப்போய், பணம் கேட்டு ஒரு நோட்பேடு கிடக்கிறது. பேக்கப் டி டிரைவில் இருந்தது, அதுவும் போச்சு. பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க தம்பி, இது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேர், மற்ற கம்ப்யூட்டருக்கும் பரவும். அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணிடாதீங்க. பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் கட்டச் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்த நோட்பேடையும் ஏற்றினால், இது எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். பல வகைகளுக்குச் சாவி கிடையாது, அதற்கும் தயாராக இருங்க. பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைங்க. பின்னால் சாவி வெளிவந்ததும் உண்டு.

அதுவரை சும்மா உட்கார வேண்டாம். போன வருஷக் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கும். இந்த வருஷ விற்பனையை நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-லிருந்தும், கொள்முதலை ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் 2பி பட்டியலிலிருந்தும், மீதியை பேங்க் ஸ்டேட்மென்டிலிருந்தும் திரும்ப ஏற்றலாம். கை வலிக்கும், ஆனால் பெரும்பகுதி வந்துவிடும்.

எப்படி வந்தது? வீட்டிலிருந்து டாலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தீர்களா, இல்லை லைசென்ஸ் வாங்காத கிராக் டாலியா? முதலில் இந்த இரண்டையும்தான் சந்தேகப்படுவேன்.

பெரும்பாலும் டி டிரைவ் என்பது அதே டிஸ்க்கின் இன்னொரு பாகம்தான். வேறு டிஸ்க்காகவே இருந்தாலும் எந்நேரமும் மாட்டியிருந்தால் அதுவும் பூட்டப்படும். இனி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி பேக்கப் எடுங்க. எடுத்ததும் கழற்றிடுங்க. ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணி, குளோசிங் பேலன்ஸ் சரியாக வருகிறதா என்று பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கேள்வி: விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. தற்காலிக நீட்டிப்பு உண்டு, அதை நம்பி வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. இதே மாதிரி ஃபைல்களைப் பூட்டும் வானாக்ரை 2017 மே 12-ல் வந்தது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்களும் அப்டேட்டே வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள்.

கேள்வி (பிரைவேட் லிமிடெட், ஈரோடு): டாலியில் எல்லோரும் ஒரே லாகினில் வேலை செய்கிறோம். தவறா?

பதில்: ஆமாம். 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் எடிட் லாக் (ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் வசதி) உள்ள மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். பில்லைத் திருத்தியது யார் என்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் அட்மின் என்றே வரும், அப்புறம் அந்த லாக் எதற்கு? ஆளுக்கொரு லாகின் போடுங்க. கணக்கு டேட்டாவையே பூட்டும் டாலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் பேப்பரில் எழுதி லாக்கரில் வைங்க. மறந்தால் டாலி கம்பெனியாலும் திறந்து தர முடியாது.

கேள்வி: ஊழியர்களின் ஆதார் காப்பியை வாட்ஸ்அப் குரூப்பில் வாங்குகிறோம். புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே, பிரச்சினை வருமா?

பதில்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, பயமுறுத்தி சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களை நம்பாதீங்க. குரூப்பில் வாங்குவதை இன்றைக்கே நிறுத்துங்க, ஒருவர் ஆதார் மற்ற எல்லோர் போனிலும் கிடக்கிறது. முழு நம்பர் சட்டப்படி தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

கேள்வி (மளிகைக் கடை): கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார், பணம் வரவில்லை.

பதில்: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கவே பார்க்காதீங்க, சவுண்ட்பாக்ஸ் சொன்னால்தான் பொருளைக் கொடுங்க. கடை திறந்ததும் உங்கள் க்யூஆரை நீங்களே ஸ்கேன் பண்ணி யார் பெயர் வருகிறது என்று பாருங்க. ராத்திரியில் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: பணம் போயே போய்விட்டது, யாரிடம் போவது?

பதில்: உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன், அடுத்தது உங்கள் பேங்க். பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள், அதனால் ஸ்டேஷனுக்குப் போய்க் கொள்ளலாம் என்று காத்திருக்காதீங்க. பரிவர்த்தனையின் யுடிஆர் நம்பர் (அந்தப் பரிவர்த்தனைக்கான தனி அடையாள எண்) கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.