ஐ.நா. வேலைக்கு எந்தப் படிப்பு?

வணக்கம் ஐயா. பிளஸ் டூ படிக்கும் மகள் ஐ.நா.வில்தான் வேலை பார்ப்பேன் என்று நிற்கிறாள், வெளிநாட்டில் 'நீடித்த வளர்ச்சி' படிக்க ஏஜென்ட் 30 லட்சம் சொல்கிறார், நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

மகளின் ஆசையில் பிழையில்லை. 2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஐ.நா.வில் கூடி 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றன. வண்ணச் சக்கரமாகப் பள்ளிச் சுவரில் பார்த்திருப்பீர்கள். 'எல்லோருக்கும் குடிநீர்' என்று எழுதிவிடலாம். கிடைத்ததா இல்லையா என்று யார் பார்ப்பது? அதற்கென்றே 230க்கு மேல் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். வேலை கிடப்பது அங்கேதான்.

குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து 1990 முதல் இதை அளந்துவருகின்றன. வாசலில் குழாய் நட்டதோடு கணக்கு முடிவதில்லை. தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது வர வேண்டும், மலக்கிருமியோ ஆர்சனிக், ஃபுளோரைடோ அளவு மீறி இருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் 'பாதுகாப்பான குடிநீர்' என்ற மேல்படியில் சேர்க்க மாட்டார்கள். இளவயதில் ஒரு கணக்கெடுப்புக் குழுவோடு கொஞ்ச நாள் அலைந்தேன். "குழாய் இருக்கிறதா?" என்று கேட்டதற்கு ஒரு பாட்டி, "குழாய் இருக்கு சாமி, தண்ணி வருதான்னு கேக்க மாட்டியா?" என்றார். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அதைச் சேர்க்கத் தெரிந்த ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

ஆகவே பி.எஸ்சி. புள்ளியியல் போடுங்கள். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. கணக்கில் கெட்டி என்றால் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், மாதிரிக் கணக்கெடுப்புக்கான (சில வீடுகளை மட்டும் கேட்டு மொத்தத்தையும் கணிக்கும் முறை) ஐ.நா. துணை ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர். வெளிநாட்டுப் புள்ளியியல் அலுவலர்கள் 1950 முதல் அங்கே வந்து பயிற்சி பெற்றுப் போகிறார்கள். அப்படியிருக்க, நாம் எதற்கு 30 லட்சத்தோடு எதிர்த்திசையில் ஓட வேண்டும்?

பட்டத்துக்குப் பிறகு யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. இந்தியாவின் இலக்குக் கணக்கைத் தொகுப்பது மத்திய புள்ளியியல் அமைச்சகம், மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுவது நிதி ஆயோக். ஐ.நா. போகாமலே ஐ.நா. வேலையைச் செய்யலாம் என்பது இதுதான். மக்கள்தொகைப் பக்கம் ஆர்வமிருந்தால் மேல்படிப்புக்கு மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.பி.எஸ்.) நல்ல இடம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் துறை பிறர் பணத்தில் ஓடுவது. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியபோது, பல ஏழை நாடுகளில் குடும்பநலக் கணக்கெடுப்பு நடத்திவந்த திட்டமும் நின்றுபோனது. அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். வேறு இடத்திலும் விலைபோகும் திறமை கையில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். புள்ளியியல் தெரிந்த பெண்ணை வங்கியும் எடுக்கும், மருந்து கம்பெனியும் எடுக்கும்.

இன்னொன்று, 'ஐ.நா. இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளெடுப்பின் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை. நியூயார்க் தலைமையகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளமும் கிடையாது, வாடகை நம் பாக்கெட்டிலிருந்துதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உங்கள் மாவட்டத்துக்கான தகவல் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிண்ட் எடுத்து மகளிடம் கொடுங்கள். 'இதை எத்தனை வீட்டில் கேட்டார்கள், அந்த வீடுகளை எப்படிப் பொறுக்கினார்கள்?' என்று அவளே கேட்டால் புள்ளியியலுக்கு விண்ணப்பம் வாங்குங்கள். கேட்கவில்லை என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.