இட்லிப் பொடியும் இன்றைய உணவு முறைகளும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இட்லிப் பொடியின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே, கீழே நான் சொல்லும் கணக்குகள் அனைத்தும் ஒரே கலவையை அடிப்படையாகக் கொண்டவை: உளுத்தம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், காய்ந்த மிளகாய் 30 கிராம், எள் 20 கிராம், உப்பு 10 கிராம், சிறிது பெருங்காயம். இந்தப் பொடி ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 3 கிராம் இருக்கும்.

கற்கால மனிதர் உண்டதைப் போல உண்ணும் பேலியோ உணவு முறையைத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. அவித்த முட்டையின் மேல் இட்லிப் பொடி தூவிக்கொள்ளலாமா? கூடவே கூடாது என்கிறார் நண்பர். ஒரு தேக்கரண்டியால் ஒன்றும் ஆகாது என்கிறார் என் மனைவி.

நண்பர் பேலியோவின் விதியைச் சொல்கிறார். உங்கள் மனைவி, மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு முறையின் கணக்கைச் சொல்கிறார். பேலியோவில் உளுந்தும் கடலைப்பருப்பும் விலக்கப்படுவது மாவுச்சத்துக்காக மட்டுமல்ல. பயறு இனம் முழுவதுமே அதில் விலக்குதான். கீட்டோவில் அப்படி இன விலக்கு கிடையாது. நாளொன்றுக்கு மொத்த மாவுச்சத்து பொதுவாக 20 முதல் 50 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நான் சொன்ன கலவையில் ஒரு தேக்கரண்டிக்கு ஒன்றரை கிராம் அளவுக்கே மாவுச்சத்து வரும் என்பதால், அந்தக் கணக்கில் தாராளமாக இடமுண்டு. நம்மூரில் பேலியோ என்ற பெயரில் பனீரும் தயிரும் சாப்பிட்டுக்கொண்டு பலர் கடைப்பிடிப்பது உண்மையில் குறைமாவு உணவு முறைதான். மூல பேலியோவில் பாலுக்கே இடமில்லை. நீங்கள் பாலைச் சேர்த்துக்கொள்பவராக இருந்தால், ஒரு தேக்கரண்டிப் பொடிக்காக மட்டும் விதியை இறுக்கிப் பிடிப்பதில் பொருளில்லை.

விதியை முழுமையாகக் காப்பவராக இருந்தால், எள், கொப்பரை, மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். எள்ளை மட்டும் கடைசியில் போட்டு, மிக்சியை நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டு பொடி கட்டி தட்டிவிடும். பருப்புக்குப் பதிலாக நிலக்கடலையைச் சேர்க்கப் பலரும் ஆசைப்படுவார்கள், ஆனால் அதுவும் பயறு இனம்தான்.

காரம் கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே? எடை குறைப்பதற்காக இரவில் மூன்று இட்லியும் பொடியும் மட்டுமே சாப்பிடுகிறேன். எடை குறையவில்லை.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் உடலின் ஆற்றல் செலவைச் சற்றே கூட்டுவது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது. அதை நம்பி எடை குறைக்க முடியாது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் நான் கேட்க வேண்டும். தட்டில் பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி செய்து, அந்தக் குழி நிரம்பி வழியும்வரை நல்லெண்ணெய் ஊற்றுகிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரண்டியால் அளந்து ஊற்றிப் பார்த்தபோது, இரண்டு மேசைக்கரண்டி பிடித்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. நடுத்தர அளவு இட்லி ஒன்றுக்கு 50 முதல் 60 கலோரி என்று கொண்டால், மூன்று இட்லியைவிட அந்தக் குழியில் இருப்பதுதான் அதிகம்.

எண்ணெயை அடியோடு விட வேண்டியதில்லை. கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் பொடியைத் தொட்டுக்கொண்டால் நாக்கில் ஒட்டி எரிவதும், எண்ணெயில் குழைத்தால் காரம் பரவித் தணிவதும் இதனால்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயே 40 கலோரி அளவில் இந்த வேலையைச் செய்துவிடும். இன்னும் குறைக்க விரும்பினால் கெட்டித் தயிரில் குழைத்துக்கொள்ளலாம். பாலிலுள்ள கேசின் என்ற புரதமும் காரத்தை அடக்கும். சுவை ஒன்றேதான் என்று சொல்ல மாட்டேன்.

இட்லிப் பொடியில் புரதம் அதிகமாமே? புரத உணவு முறைக்கு உதவுமா?

பருப்பில் புரதம் உண்டு. ஆனால் ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஒரு கிராம்கூட வராது. அதற்குச் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வது மேல்.

பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதையும் சேர்க்காத நனிசைவத்துக்கு மாறியிருக்கிறேன். பொடியில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பொடியில் இல்லை. உணவகத்தில் பொடி இட்லி கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். பல இடங்களில் நெய்யில்தான் புரட்டித் தருகிறார்கள். முன்கூட்டியே எண்ணெயில் செய்யச் சொல்லிவிடுங்கள்.

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அரிசி இட்லியும் பொடியும் பாதுகாப்பானவை என்று நம்பித் தருகிறேன். சரிதானே, அம்மா?

பெரும்பாலும் சரி. சீலியாக் நோயில் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும், ஆனால் இரண்டு இடங்களில் கோதுமை உள்ளே நுழையக்கூடும். முதலாவது, பெருங்காயம். கடையில் நாம் வாங்குவது தூய பிசின் அன்று. மைதா அல்லது கோதுமை மாவும் கருவேலம் பிசினும் கலந்த கூட்டுப் பெருங்காயம். தூளில் மட்டுமல்ல, கட்டியிலும் இந்தக் கலப்பு உண்டு. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து அதையே வாங்குங்கள், இல்லையேல் பெருங்காயம் போடாமலேயே அரைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றிருந்தால், இயந்திரத்தில் தங்கிய மாவு உங்கள் பொடியோடுதான் வெளியே வரும். சீலியாக் உள்ளவர்களுக்கு அந்தச் சிறிய அளவே குடலைப் பாதிக்கும். ஆகவே மகளுக்கான பொடியை வீட்டு மிக்சியிலேயே, கோதுமை ரவை உடைக்கப் பயன்படுத்தாத தனி ஜாரில் அரையுங்கள்.

கணவருக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகமும் சற்றுப் பலவீனம். ஊறுகாயை நிறுத்திவிட்டோம். பொடியையும் நிறுத்த வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. வீட்டுப் பொடி இரண்டு தேக்கரண்டியில் கால் கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்கும். ஊறுகாயோடு ஒப்பிட இது மிகக் குறைவு. கடைப் பொடியானால் உறையில் சோடியத்தின் அளவுதான் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். உப்பே போடாமலும் அரைத்துப் பாருங்கள். இட்லி மாவில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் குறை அவ்வளவாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதை, மருத்துவரைக் கேட்காமல் பொடியிலோ குழம்பிலோ சேர்க்க வேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது அந்தப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். பருப்பிலும் பொட்டாசியம் உண்டு என்பதால், கணவரின் அண்மை இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டி, இந்த இரண்டு தேக்கரண்டியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.